வலப்பக்கம் இழுத்த வேன்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். யோசனை வந்தால்தான் எனக்குப் பயம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

வேன் என்றால் இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து ஆம்னி. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தீர்த்தது. அதில்தான் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்க் காலையில் அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார், சாயங்காலம் வீட்டுக்கு வீடு திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஒன்பதில் ஒன்று எங்கள் மகள் தேவிப்ரியா, இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான்.

பத்து நாளாகப் பிரேக்கை மிதித்தால் முன்னால் கிர்ர் என்று இரும்பு அரைபடும் சத்தம். அவர் காது அதற்குப் பழகிப்போனது, என் காது பழகவில்லை. தெருமுனையில் வேன் திரும்பும்போதே எனக்குப் பல் கூசும். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய வண்டி, வாசலைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது. வாட்ச்மேன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாராம். இதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு ஷீபா வந்துவிட்டாள். அவள் மகனும் அதே வேனில்தான் போகிறான்.

"அக்கா, அண்ணன்ட்ட சொல்லுங்க. பிரேக்க சரி பண்ணாம திங்கக்கெழம என் புள்ளைய ஏத்த மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோவித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் காரமாகவே பேசியிருப்பேன். ஒரு தாய் வாயைத் திறந்துவிட்டாள். திங்கட்கிழமையும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லையென்றால் மற்ற வீடுகளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மாற்றிவிடும். அது கூட இரண்டாவது கவலைதான். முதல் கவலை, என் பிள்ளையும் அதில்தானே உட்காருகிறது என்பது.

வேறு யாராக இருந்தாலும் நேரே மெக்கானிக்கிடம் விட்டிருப்பார்கள். மெக்கானிக்குக்கா பஞ்சம்? திருமயத்தில் பட்டறை வைத்திருக்கிறான் கண்ணன். இந்தப் பக்கத்தில் வேன், டெம்போ எது படுத்தாலும் அவனிடம்தான் போகும். அவ்வளவு கைராசிக்காரன். அவன் என் கூடப்பிறந்த தம்பி. சிக்கலே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குலதெய்வக் கோயிலில் தேவிப்ரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனைக் காணோம். வழியில் ஒரு கல்யாண வேன் பழுதாகி நின்றிருக்கிறது, மணப்பெண் மாலையோடு ரோட்டோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு இவன் வேனுக்கு அடியில் படுத்துவிட்டான். இங்கே ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் பத்து நிமிடம் பொறுத்தார். அப்புறம் பிள்ளையைத் தூக்கித் தன் பெரியப்பா மகன் மடியில் வைத்து, "குத்துங்க" என்று சொல்லிவிட்டார். காது குத்தி முடித்து, பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு, கையெல்லாம் கிரீஸோடு, சீர்த்தட்டுகளோடு வந்து நின்றான் கண்ணன். பிள்ளையின் காதைப் பார்த்தான். தட்டுகளைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்றிலிருந்து மச்சானுக்கும் மச்சினனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவர் செய்தது தப்பு என்று இவருக்கே தெரியும். தெரிவதால்தான் இன்னும் முறுக்கு. நடுவில் நான். அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே வாயைக் கட்ட வேண்டும், இங்கே வந்தால் இங்கே வாயைக் கட்ட வேண்டும். எனக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே சில நாள் தோன்றும்.

ஷீபா போனதும் மெல்ல ஆரம்பித்தேன். "தம்பிக்கு ஒரு போன் போட்டா வந்து அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துருவான்."

"ஒன் தம்பி முன்னால போய் நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"கையக் கட்டாமத்தான் நில்லுங்களேன், யாரு வேணாங்குறா?"

"பேசாம போயிரு வாணி."

"அப்ப வேற மெக்கானிக்கிட்ட விடுங்க."

"வேற எடத்துல விட்டா அதையும் ஊரு பேசும். மச்சினன் பட்டறை இருக்கையில அடுத்தவன்ட்ட விட்டுருக்கான் பாருன்னு சிரிப்பாய்ங்க. முன் பிரேக்குதான? பேடு மாத்துனா முடிஞ்சுது. நானே மாத்திக்கிறேன்."

இப்படித்தான் அவருக்கு யோசனை வந்தது. சனிக்கிழமை புதுக்கோட்டைக்குப் போய் ஒரு பெட்டியில் நாலு பேடு வாங்கிக்கொண்டு வந்தார். பலகாரத் துண்டு அளவில்தான் இருந்தன. ஒரு பக்கம் இரும்புத் தகடு, மறுபக்கம் கறுப்பாகச் சொரசொரவென்று ஏதோ ஒட்டியிருந்தது. அந்தக் கறுப்புதான் சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துமாம். இத்தனூண்டு சாமானை நம்பியா ஒன்பது பிள்ளைகள் போகின்றன என்று எனக்குப் பக்கென்றது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வண்டிக்குப் புதுசாக எது வாங்கினாலும், பல்பாகவே இருந்தாலும், முதலில் சாமி மாடத்தில் ஒரு ராத்திரி இருக்க வேண்டும். காலையில் விளக்கேற்றிப் பொட்டு வைத்துத்தான் மாட்டுவோம். அதன்படி நாலு பேடையும் தட்டில் அடுக்கி விளக்குக்குக் கீழே வைத்தேன்.

ஞாயிறு காலை விளக்கேற்றினேன். விடிந்ததிலிருந்தே மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இவர் செய்வாரா, செய்தால் சரியாகச் செய்வாரா, நாளைக்குப் பிள்ளையை ஏற்றலாமா என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு நல்லெண்ணெயை ஊற்றினேன். விளக்கு நிறைந்து வழிந்து, கீழே இருந்த இரண்டு பேடுகளில் கொட்டிவிட்டது. கறுப்புப் பக்கம் எண்ணெயை அப்படியே குடித்துக்கொண்டது. பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்ததும் மற்ற இரண்டைப் போலத்தான் இருந்தது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம், தையல் மிஷினுக்கு விடுகிறோம், இரும்புக்கு எண்ணெய் நல்லதுதானே? அப்படி நினைத்துக்கொண்டேன். சொன்னால், அபசகுனம் என்று அதற்கும் ஒரு கத்து கத்துவார். தகட்டுப் பக்கம் நாலுக்கும் பொட்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. பின்சக்கரங்களுக்கு முட்டாகக் கல் வைத்தார். ஜாக்கி போட்டுத் தூக்கினார். கவிழ்த்த வாளியின் மேல் போனைச் சாய்த்து வைத்து யூடியூபைப் போட்டார். அதில் மீசைக்காரர் ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே பிரேக்கைக் கழற்றினார். எங்கள் வண்டி மாதிரியே வண்டி என்பதால் அந்த வீடியோதான் வேண்டுமென்று பிடித்து வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் மீசைக்காரர் கறுப்புப் பக்கத்தைக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி, ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னார்.

"என்னமோ கண்டிஷனா சொல்றாருங்க."

"கம்பெனி பேடா பாத்து வாங்கச் சொல்றாரு. நான் கம்பெனி பேடுதான் வாங்கிருக்கேன்."

நான் உள்ளே போனேன். அரிசியைக் களைந்தேன். மறுபடி வெளியே வந்தேன். சக்கரத்து நட்டு அசையாததால் ஸ்பேனர் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனேன். உலை வைத்தேன். வெளியே வந்தேன். ஒருவழியாகச் சக்கரம் கழன்று, உள்ளே இரண்டு போல்ட்டும் கழன்று, பழைய பேடு கைக்கு வந்திருந்தது. கறுப்பு என்று ஒன்றுமே இல்லை. வெறும் தகடு, பளபளவென்று தேய்ந்து.

"இத வச்சுக்கிட்டா வெள்ளிக்கெழம வரைக்கும் புள்ளைங்கள ஏத்துனீங்க?"

பழைய பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உள்ளே என்னவோ செய்திருக்க வேண்டும், காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, தலையைத் தடவிவிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மறுபடி அடுப்படிக்குப் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது. கையைக் கிழித்துக்கொண்டாலும் நிதானமாகத்தான் செய்தார். தச்சரிடம் இரவல் வாங்கி வந்த, பலகை இறுக்கும் கிளாம்ப்பை வைத்து, வெளியே துருத்திக்கொண்டிருந்த, பேடைத் தள்ளும் பிஸ்டனை மெல்ல மெல்ல உள்ளே அமுக்கினார். புது பேடுகளைப் பொருத்தினார். இடது சக்கரம் முடிந்து வலது சக்கரம். எல்லாம் மாட்டிய பிறகு ஏறி உட்கார்ந்து, பெடல் கெட்டியாகும்வரை பத்துப் பதினைந்து தரம் மிதித்தார். மணி பதினொன்று. இறங்கி வந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"முடிஞ்சுது. ஒன் தம்பி என்ன படிச்சுட்டா வந்தான்?"

மகள் ஓடிவந்து கதவைத் திறந்து ஏறப்போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து ஷீபா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

"மொதல்ல என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க. நின்னுச்சுன்னா நாளைக்கு அவள ஏத்துங்க."

"நம்பிக்கை இல்லயாக்கும்?"

"எனக்கு நம்பிக்கை எல்லாம் வேணாம். வண்டி நிக்கணும்."

கண்மாய்க்கரை ரோட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிவிட்டது, ஆள் நடமாட்டம் இல்லை. மெதுவாகப் போய் மிதித்தார், நின்றது. கிர்ர் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய் மிதித்தார். வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. "புது பேடு, செட்டாகணும்" என்றார். அப்புறம் நாற்பதில் போனார். பள்ளிக்கூட ரோட்டில் அவர் போகும் வேகம் அதுதான். எதிரே தூரத்தில் பிளாஸ்டிக் குடங்களை மலையாகக் கட்டிய ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது.

மிதித்தார். யாரோ ஸ்டியரிங்கைப் பிடுங்கிய மாதிரி வேன் வலப்பக்கம் வெட்டியது. "ஏங்க!" என்று கத்தினேன். அவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டினார். குடக்காரர் மொபெட்டோடு ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம் புதருக்குள் போய்விட்டார். வேன் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில், கண்மாய்ச் சரிவுக்கு இரண்டடி முன்னால் நின்றது. பச்சைக் குடம் ஒன்று எங்களைத் தாண்டி உருண்டு போனது.

குடக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் கீறல்தான். ஆனால் அவர் திட்டிய திட்டை என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "இந்த வண்டியிலயாய்யா பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஏத்துற?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர்.

இறங்கி, இடது முன்சக்கரத்துப் பக்கமாகப் போனேன். அங்கிருந்து ஒரு வாசனை வந்தது. பணியாரக் குழியில் எண்ணெய் காயும் வாசனை. சுத்தமான நல்லெண்ணெய். மீசைக்காரர் விரலை ஆட்டியது எதற்கென்று அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. எண்ணெய் குடித்த இரண்டும் ஒரே சக்கரத்துக்குப் போய்விட்டன. இடப்பக்கம் வழுக்குகிறது, வலப்பக்கம் மட்டும் கவ்வுகிறது.

அவருக்கு இது ஒன்றும் தெரியாது. சளி பிடித்த மூக்கு வேறு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் பாத்துப் பாத்துத்தான மாட்டுனேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியலயே." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "போனை எடு. ஒன் தம்பிக்குப் போடு."

போனை எடுத்தேன், போடவில்லை.

"போடு வாணி. நாளைக்குப் புள்ளைங்க ஏறணும். நான் எதுக்கும் லாயக்கில்ல. அவன்ட்டயே கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். போடு."

இரண்டு வருடமாக நான் எந்த வார்த்தைக்காக எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேனோ, அந்த வார்த்தை. போன் என் கையில் இருந்தது. தம்பி பெயரைத் தொட்டால் போதும். அவன் வருவான், சக்கரத்தைக் கழற்றுவான், எண்ணெயைப் பார்ப்பான். பார்த்ததும் அக்கா வீட்டு விளக்கு எண்ணெய் என்று அவனுக்குப் புரிந்துவிடும். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். பேடு சரியில்லை என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவான். காரியமும் நடக்கும், உறவும் வரும், என் தலையும் தப்பும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதும். இந்த இரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதானே.

ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதம் என்னால் பார்க்க முடியவில்லை. வறட்டுக் கௌரவக்காரர், முன்கோபக்காரர், எல்லாம் சரி. லாயக்கற்றவர் இல்லை. காலையிலிருந்து அவர் செய்ததில் ஒரு நட்டு தப்பில்லை. செய்யாத தப்புக்கு இந்த மனுஷன் தலை குனிந்து போய் என் தம்பி முன்னால் நிற்பதற்கா நான் வேண்டிக்கொண்டேன்?

"நீங்க தப்பு பண்ணலங்க. நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில வெளக்குல எண்ணெய் வழிஞ்சு ரெண்டு பேடுல கொட்டிருச்சு. தொடச்சுட்டுக் குடுத்துட்டேன். இரும்புதான, எண்ணெய் பட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

எழுந்து போய்ச் சக்கரத்துக்குள் முகத்தை நுழைத்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோந்து பார்த்தார். திரும்பி வந்தபோது கண் இரண்டும் விரிந்திருந்தது.

"பிரேக்குல எண்ணெய் ஊத்துனியா? நிக்கிறதுக்கு இருக்குற சாமான்ல வழுக்குறதுக்கு எண்ணெய் ஊத்துனியா? ஏன்டி சொல்லல?"

"கத்துவீங்கன்னு சொல்லல."

"இப்ப மட்டும் கத்த மாட்டனா?"

கத்தினார். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டிய கத்தல்தான். பொட்டு வைத்த பேடை நம்பி நாளைக்கு ஒன்பது பிள்ளைகளை ஏற்றியிருப்போமே என்று நினைக்கும்போது எனக்கே என்னை அறையத் தோன்றியது. ஆனால் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. அதையும் பார்த்தேன். இனி என் தம்பிக்கு எங்கே போன் போகப்போகிறது? இவர் மறுபடி புதுக்கோட்டைக்குப் போவார், மறுபடி பேடு வாங்குவார், மறுபடி தானே மாட்டுவார். வந்த உறவை என் வாயாலேயே விரட்டிவிட்டேன். போனை மடியில் செருகினேன்.

"அத எதுக்கு உள்ள வைக்கிற? குடு இங்கிட்டு."

பிடுங்கினார். கிரீஸ் விரலால் தேய்த்துத் தேய்த்துத் தம்பி பெயரைத் தேடி, பச்சைப் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா இல்ல, நான் நல்லதம்பி பேசுறேன்." தன் பேரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். "ஏன்டா கண்ணா, ஒங்க வீட்டுல பொண்ண வளத்து வச்சிருக்கீங்களே, ஒன் அக்கா, என்ன பண்ணிருக்கா தெரியுமா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பிரேக்கில் எண்ணெய் ஊற்றியது, ஊற்றிவிட்டு மறைத்தது, குடக்காரர் முள்ளுக்குள் போனது, எல்லாம். மச்சினனிடம் உதவி கேட்க இவருக்கு இரண்டு வருடமாக நாக்கு எழவில்லை. என்னைப் பற்றிப் புகார் சொல்வதற்கு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பெண்டாட்டியைப் பற்றி அவள் கூடப்பிறந்தவனிடம் குறை சொல்ல எந்தப் புருஷனுக்குத்தான் வெட்கம்? போனுக்குள்ளிருந்து கண்ணன் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டுப் பக்கம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"மச்சான், அந்த ரெண்டயும் தூக்கிப் போட்டுருங்க. எண்ணெயக் குடிச்சது கழுவுனாலும் ஆகாது. வண்டிய நகட்டாதீங்க. பட்டறைல பேடு இருக்கு, எடுத்துக்கிட்டு வாரேன். மாட்டுனது நீங்களா?"

"நான்தான்."

"நீங்களே மாட்டிருங்க. நான் ஒரு பார்வை பாத்துக்குறேன்."

இவர் சிரிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு நின்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவனும் வைக்கவில்லை. கடைசியில் இவர்தான், குரலை இறக்கி, கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னார்.

"வரையில சாப்புட்டுட்டு வந்துராத."

"சரி மச்சான்" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டது. அவன் குரலும் சரியாக இல்லை.

நான் கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்று அழுதுவிட்டேன். அழுது முடிக்கக்கூட நேரமில்லை. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, திருமயத்திலிருந்து அவன் வர முக்கால் மணி நேரம், வீட்டில் வெறும் சோறுதான் வடித்திருக்கிறேன், குழம்பு இல்லை, கூட்டு இல்லை, ஒரு அப்பளம்கூட இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன், பாதி தூரம் ஓடினேன்.